பன்னிரண்டாவது சீட்டு

ஆள்காட்டி விரலைத் துண்டில் நன்றாகத் துடைப்பார். அதன்மேல் ஒருமுறை ஊதுவார். பிறகு கோயில் உண்டியலில் காசு போடக் குனிகிறவர் மாதிரி குனிந்து, கேட்டில் மாட்டியிருக்கும் வருகைப்பதிவு மிஷினில் விரலை வைப்பார். அந்த மிஷினுக்குள் ஒரு பெண்குரல் இருக்கிறது. எங்களுக்கெல்லாம் அது "தேங்க் யூ" சொல்லும். அவருக்கு மட்டும் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்று சொல்லும். "சரிங்க, நாளைக்கு வர்றனுங்க" என்று அதற்கு மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு, மகுடேஸ்வரன் கம்பெனிக்குள் போய்விடுவார்.

இருபத்திரண்டு வேலை நாள் இப்படி நடந்தது. வரிசையில் அவருக்கு அடுத்து நிற்பவள் நான். ஒரு நாளும் தவறாமல் பார்த்தேன்.

எங்களுடையது அருள்புரத்தில் ஒரு நடுத்தரமான பனியன் கம்பெனி. மகுடேஸ்வரனுக்கு நாற்பது வயது இருக்கும். சிறு வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பூட்ஸ் வரைக்கும் இரும்புக் கம்பியும் நான்கு தோல் வாரும் வைத்த காலிப்பர் மாட்டியிருப்பார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் சீப்பு, கையில் பச்சை ஃபைல். தன்னை யாருக்கு அறிமுகம் செய்தாலும் பெயரோடு சதவீதத்தையும் சேர்த்தே சொல்லுவார்.

"பத்தாவதுல முப்பத்தெட்டு பர்சென்ட்டுங்க. காலுக்கு டாக்டர் போட்டது எழுபது பர்சென்ட்டு. ரெண்டையும் கூட்டுனா நூத்தியெட்டுங்க. கலெக்டர் புள்ளைக்குக்கூட வராது."

அந்தப் பச்சை ஃபைலில் பன்னிரண்டு சீட்டுகள் இருந்தன. மாற்றுத்திறனாளிகளுக்காக அரசாங்கம் நடத்தும் வேலைவாய்ப்பு முகாம்களில் கம்பெனிகள் கொடுத்தவை. ஒவ்வொன்றிலும் 'தேர்வு செய்யப்பட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கும். எல்லாவற்றையும் லேமினேஷன் செய்து வைத்திருந்தார். "இந்த ஜில்லாவுலயே அதிகமாத் தேர்வானவன் நானாத்தானுங்க இருக்கோணும்" என்பார். சீட்டு கொடுத்தவர்கள் எல்லோரும் ஃபோன் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். யாரிடமிருந்தும் ஃபோன் வரவில்லை. ஒரு முகாமில் மேடையேற்றி, கையில் கவர் கொடுத்து, போட்டோ எடுத்து, பேப்பரிலும் போட்டார்கள். "இறங்கறப்ப கவரைத் திருப்பி வாங்கிட்டாங்க. அடுத்த ஆளுக்குக் குடுக்கோணுமாமா."

பன்னிரண்டாவது சீட்டு எங்கள் கம்பெனி கொடுத்தது. இந்த முறை அவர் ஃபோனுக்குக் காத்திருக்கவில்லை. முகாம் முடிந்த மறு திங்கட்கிழமை, அரசாங்கம் கொடுத்த நாலு சக்கர ஸ்கூட்டரில் எட்டே காலுக்குக் கேட்டில் வந்து இறங்கினார். எங்கள் செக்யூரிட்டி பழனிமுத்து திருநெல்வேலிக்காரர். சீட்டையும் பேப்பர் போட்டோவையும் புரட்டிப் பார்த்தவர், இவ்வளவு காகிதம் வைத்திருக்கிறவரைத் தடுத்தால் வம்பு என்று நினைத்தாரோ என்னவோ, சாய்தளத்தில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை நகர்த்தி வழி விட்டார். அந்தச் சாய்தளத்தில் ஒரு மனிதர் ஏறியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

நேராக எங்கள் செக்கிங் டேபிளுக்கு வந்தார். சித்ரகலா பிரசவத்துக்குப் போயிருந்ததால் ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது.

"புதுசுங்களா?" என்று கேட்டார் டேபிளில் மூத்தவரான சுப்பாத்தாள் அக்கா.

"ஆமாங்க."

அவ்வளவுதான். அக்கா நூல் வெட்டும் ட்ரிம்மர் ஒன்றை அவர் பக்கம் தள்ளினார். அவர் பிசிறு வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

கம்பெனியில் தனக்குத் தெரியாமல் ஓர் ஆள் இருப்பதை நான்காம் நாள்தான் எச்.ஆர். கீதாஞ்சலி மேடம் கண்டுபிடித்தார். கண்ணாடிக் கேபினுக்குள்ளிருந்து வேகமாக வந்தார்.

"நீங்க யாருங்க? யாரு உங்கள உள்ள உட்டது?"

மகுடேஸ்வரன் சீட்டை நீட்டினார். "இது உங்க கையெழுத்துங்களா மேடம்?"

"ஆமா..."

"அப்ப நான் உங்க ஆளுங்க."

"முகாமுல குடுத்ததுங்க அது. ஆர்டர் லெட்டர் தனியா வரும். அதுக்கப்புறம்தான் நீங்க வரோணும்."

"அதுக்கென்னங்க, வரட்டும். ஊட்டுல சும்மா உக்காந்து எதிர்பாக்கறதுக்கு இங்கயே வேலை செஞ்சுட்டு எதிர்பாக்கறனுங்க. வந்தா நேர்லயே வாங்கிக்கறன். தபால் செலவும் மிச்சமுங்க."

மேடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். போய்விடுங்கள் என்று சொன்னால், அந்தச் சீட்டு எதற்கு என்று சொல்ல வேண்டி வரும். முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கேபினுக்குள் போனார். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அவர் வேலை எங்களைவிடச் சுத்தம். நாங்கள் பிசிறைக் கீழே விடுவோம். அவர் ஒவ்வொன்றாகத் தன் சட்டையில் ஒட்டிக்கொள்வார். "கீழ போட்டா கூட்டற அம்மிணி குனியோணுமுங்க." சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது உடம்பெல்லாம் கலர் கலராக மயிர் முளைத்த மாதிரி இருப்பார். அன்றைக்கு எந்த ஆர்டர் ஓடியது என்று கேட்டில் பழனிமுத்து அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். சனிக்கிழமை சம்பள வரிசை நிற்கும்போது மட்டும் மகுடேஸ்வரனைக் காணமுடியாது. ஸ்கூட்டருக்குக் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவார். நாலு சக்கரத்தையும் பார்த்து முடிப்பதற்குள் வரிசை கலைந்துவிடும்.

ஒரு விஷயம்தான் எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. பச்சை ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலின் நுனியில்தான் உட்காருவார். காலிப்பரைக் கழற்றவே மாட்டார். வார் அழுத்தி மத்தியானத்துக்கு மேல் முகம் சுண்டிவிடும்.

"அதைக் கழட்டி ஓரமா வெச்சுப்போட்டுத்தான் உக்காருங்களேன்" என்றார் சுப்பாத்தாள் அக்கா.

"இருக்கட்டுங்க அக்கா. திடீர்னு எந்திரிச்சுப் போடான்னு சொன்னாங்கன்னா, மாட்டறதுக்கே பத்து நிமிஷமாகும். போகச் சொல்றவங்களக் காக்க வெக்கக் கூடாதுங்களே."

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

இருபத்திரண்டாம் நாள் கேபினில் ஃபோன் அடித்தது. முகாம் நடத்திய மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது. முகாமில் ஒன்பது பேரைத் தேர்வு செய்தீர்களே, எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்று கேட்டார். கீதாஞ்சலி மேடம் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். மகுடேஸ்வரன் ஒரு டி-ஷர்ட்டை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, தையலை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஒருத்தரு... தெனமும் வந்துட்டிருக்காருங்க மேடம்."

"அப்பாடா! காலைலருந்து ஃபோன் பண்றேன், ஒருத்தராவது சேந்திருக்காருன்னு சொன்ன மொதல் கம்பெனி நீங்கதாம்மா. அவரு பேரும் ஈ.எஸ்.ஐ. நம்பரும் சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க."

ஃபோனை வைத்ததும் மேடம் முதலாளி சுப்பண்ணன் அறைக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் முதலாளியின் குரல்தான் வெளியே கேட்டது.

"ஆரு, சட்டையெல்லாம் பிசிறு ஒட்டிட்டுப் போவாரே, அவரா? போன வாரம் ஒரு கட்டுல கலர் மாறியிருக்குதுன்னு கண்டுபுடிச்சுச் சொன்னவரு? அவரு நம்மாளுதானம்மா! இத்தன நாளா நம்பர் போடாம என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அன்று சாயங்காலமே அவர் விரலை மூன்று முறை வைக்கச் சொல்லி மிஷினில் ஏற்றினார்கள்.

மறுநாள் காலை வழக்கம்போலத் துடைத்தார், ஊதினார், குனிந்தார், வைத்தார்.

"தேங்க் யூ" என்றது மிஷின்.

"சரிங்க, நாளைக்கு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தவர், நாலடி போய் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, அது இப்ப என்னங்க சொல்லுச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பழனிமுத்து முந்திக்கொண்டார். "ஒமக்கு நன்றி சொல்லுதுவே அண்ணாச்சி! பேசாம உள்ள போம், பின்னால லைன் நிக்கி."

டேபிளுக்கு வந்தார். பச்சை ஃபைலை மடியில் வைக்காமல் டேபிளுக்கு அடியில் போட்டார். ஸ்டூலில் நன்றாகப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். குனிந்து தொடை வாரைத் தளர்த்தினார். பிறகு முட்டிக்கு மேலே, முட்டிக்குக் கீழே, கணுக்கால். நான்கு வாரையும் அவசரமில்லாமல் அவிழ்த்துக் காலிப்பரைக் கழற்றி, கைக்கு எட்டாத தூரத்தில் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த டி-ஷர்ட் கட்டைத் தன் பக்கம் இழுத்தார்.