தோல்வியே காணாத சிங்கம்

எதிர்வரிசை வீட்டில் இருந்த பழைய குத்துச்சண்டை வீரர் இறந்தபோது, அவர் எத்தனை சண்டை போட்டார் என்று ஒருவரையும் விசாரிக்காமல் அஞ்சலி பேனருக்கு வாசகம் எழுதிக் கொடுத்தேன். 'தோல்வியே காணாத சிங்கம்.' எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அதுதான் பெரிய வெட்கக்கேடு.

பதினாறாம் நாள் காலை, ஊரிகம் லைன் வீடுகளின் முனையில், அந்தப் பேனரை ஒரு கிழவர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர் என் காதில் விஷயத்தைப் போட்டார். கிழவரும் இறந்தவரும் தங்கச் சுரங்கத்தின் வேறு வேறு ஷாஃப்டில் வேலை பார்த்தவர்கள். ஷாஃப்டுகளுக்கு இடையிலான போட்டியின் இறுதிச் சண்டையில் கிழவர் இறந்தவரைப் புள்ளிக்கணக்கில் வென்றிருக்கிறார். தீர்ப்பு தவறு என்று ஒருவரும் சரி என்று மற்றவரும் ஆயுள் முழுக்கச் சண்டை பிடித்ததில், அவர்களுடைய மற்ற சண்டைகளை ஊரே மறந்துவிட்டது.

"யாருபா இத எழுதினது?"

பந்தலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னா சார், இவன் தோக்கவே இல்லன்னா அன்னிக்கு நான் யார ஜெயிச்சேன்? உங்கப்பாவையா?"

இறந்தவரின் மகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "பெரியவரே, காரியத்துக்கு வந்தா சும்மா உக்காருங்க. வம்பு வேணாம்."

"வம்ப நானா இழுத்தேன்? கலர்ல போட்டுக் கட்டி வச்சிகிறீங்க. எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு ஜெயிப்புதான். அதையும் அழிச்சிட்டா நான் இன்னாத்துக்கு?"

மகனின் விரல்கள் மடங்கின. எண்பதை நெருங்கும் கிழவர் இடது காலை முன்னே வைத்து, தாடையை இறக்கிக்கொண்டார். நான் குறுக்கே போயிருக்க வேண்டும். சமையல்காரருக்குப் பின்னால் போனேன்.

இறந்தவரின் மனைவி வெளியே வந்தார்.

"வாங்கண்ணா. ஜெயிச்சத அவரு ஒருநாளும் பேசினதில்ல. உங்ககிட்ட தோத்துட்டு வந்ததத்தான் தினம் பேசுவாரு. அத எடுத்துட்டா அவரப் பத்திப் பேச இன்னா இருக்குது?" மகன் பக்கம் திரும்பினார். "மாத்திக் கட்டுடா."

படையல் போடுவதற்குள், நான் மாற்றி எழுதிக் கொடுத்த வாசகத்தோடு ராபர்ட்சன்பேட்டையிலிருந்து புதுப் பேனர் வந்தது. 'ஒரே ஒரு தோல்வி. அதையும் ஒப்புக்கொள்ளாத சிங்கம்.' கிழவர் இரண்டு முறை படித்தார். ஒரு பாராட்டுக்காக நான் பக்கத்திலேயே நின்றேன்.

"எழுத்து இருக்கட்டும் சார்," என்றார். "போட்டோவுல மூக்க நேராக்கிட்டானுங்க. அத வளைச்சதே நான்தான்."