மேசை மணி

வீட்டில் வாத்தியார் வைத்துப் பாட்டு கற்கும் பிள்ளைகளுக்குச் சென்னை ராஜதானி முழுக்கப் பரீட்சை நடத்தும் பொறுப்பு என்னுடையது. ஒரு சரணம் முடிந்ததும் மேசைமேல் இருக்கும் மணியைத் தட்டுவேன். பாட்டு நின்றுவிட வேண்டும். இரண்டாவதைக் கேட்க எனக்குப் பொறுமை கிடையாது. சில பிள்ளைகள் அழும். அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

திருப்பதியில் பரீட்சை நடக்கும்போது அம்மா இறந்த செய்தி வந்தது. பாடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் சித்தூருக்கு ரயில் ஏறினேன்.

கல்லறைத் தோட்டத்தில் சபையார் அம்மாவுக்குப் பிடித்த கீர்த்தனையைப் பாடினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஆண்கள் பக்கம் சுருதி இறங்கியதுதான் காதில் விழுந்தது. முதல் சரணம் முடிந்தது.

"இன்னாக்கா தேடிக்கினு இருக்க?" என்றாள் பக்கத்தில் நின்ற தங்கை.

என் வலது கை சவப்பெட்டியின் மூடிமேல் மணியைத் தேடிக்கொண்டிருந்தது.