வானம் போட்ட படம்

அந்தப் படத்தில் ஒரு பச்சைக் கதவு இருந்தது. பாதி திறந்த கதவு. அதற்கு முன்னால், வெள்ளைச் சட்டையின் மேல்பொத்தானையும் பூட்டிக்கொண்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்காத முகத்தோடு ஒரு பையன் நின்றான். உள்ளே இருட்டில் சைக்கிள் ஹாண்டில் ஒன்று மினுங்கியது. நாலாக மடித்துக் கடிதத்துக்குள் வைத்து வந்ததால் படத்தின் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கோடுகள் விழுந்திருந்தன. கதவின் விளிம்பில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற நான்கு புள்ளிகள். அவற்றைக் கறை என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

படத்தைத் தந்தவரை நான் மாமி என்று அழைப்பேன். உறவு ஒன்றுமில்லை. நோர்பரியில் அவருடைய வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். மாமி தன் மகளோடு முதலில் லண்டனுக்கு வந்தவர். மகன் பின்னால் வருவதாக ஏற்பாடு. பதினெட்டைத் தாண்டிவிட்டான் என்று அவனுடைய விசா நின்றுபோனது. அவன் வன்னியில் தங்கினான். இரண்டாயிரத்து ஒன்பது சித்திரைக்குப் பிறகு அவனிடமிருந்து தொலைபேசி வரவில்லை.

என் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அப்படிப்பட்டவன் லண்டனில் புகைப்படக்கலை படிக்கிறேன் என்றபோது அம்மா போனில், “படம் எடுக்கிறதுக்கும் படிப்போ?” என்று கேட்டா. அந்த வருடம் கல்லூரியில் எனக்குக் கிடைத்த வேலை, துக்கமும் அன்றாடமும் என்ற பொருளில் ஒரு வீட்டைத் தொடர்ந்து படம் எடுப்பது. வேறு வீடு தேடி நான் எங்கே போவது? மாமியைக் கேட்டேன். ஒரு நிபந்தனை வைத்தார்.

“அழுற படம் எடுக்காதை தம்பி. அழுதனெண்டா முடிஞ்சுபோச்சு எண்டுதானே ஆக்கள் நினைப்பினம்.”

ஆகவே மாமி நெத்தலி கழுவுவதை எடுத்தேன். அயர்ன் பண்ணுவதை, பஸ் ஸ்டொப்பில் கைகளைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டு நிற்பதை, போன் அடித்ததும் ஈரக் கையோடு ஓடுவதை எடுத்தேன். கண்ணீரே இல்லையே, துக்கம் எங்கே என்று ஆசிரியர் கேட்டார். போனைப் பாருங்கள் என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமைகளில் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தேன். கலியாண அல்பமும் செய்வோம், கல்வெட்டும் அடிப்போம். இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் வந்தவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்பார்கள். அதன் அட்டைக்கு இறந்தவரின் படம் வேண்டும். தனியாக நின்று படம் எடுத்தவர்கள் ஊரில் எத்தனை பேர்? யாருடையவோ கலியாணப் படத்திலிருந்து தலையை வெட்டியெடுத்து, பக்கத்தில் நிற்பவரின் தோளை அழித்து, பின்னால் நீல வானமும் வெண்முகிலும் வைத்து, தலையைச் சுற்றி மெல்லிய வெளிச்சம் விடுவோம். முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

“செத்த ஆளுக்கு வானம், கலியாண ஆளுக்குப் பூந்தோட்டம். மாத்திப் போட்டியோ, ரெண்டு வீட்டிலையும் எனக்குத்தான் அடி விழும்.”

வன்னியில் போர் முடிந்த அந்த வைகாசியில் பூந்தோட்டம் கேட்டு எவரும் வரவில்லை. கடைக்குள் வந்த முகமெல்லாம் வானத்துக்கே போனது. ஒரே வீட்டிலிருந்து மூன்று படங்கள் வந்த நாளும் உண்டு. முதலாளி பகிடி விடுவதை நிறுத்தியிருந்தார்.

அப்படியொரு சனிக்கிழமை மத்தியானம் மாமியின் மகனுடைய படத்தைக் கணினியில் ஏற்றினேன். காணாமற்போனவர்களைத் தேடும் அலுவலகத்தில் கொடுப்பதற்கு, முகம் தெளிவாகத் தெரியும்படி பெரிதாக்கித் தரச் சொல்லியிருந்தார் மாமி. அதற்கு முன் இரண்டு கல்வெட்டுப் படங்களை முடித்திருந்தேன். பின்னால் இன்னும் இரண்டு காத்திருந்தன. மடிப்புக் கோடுகளை எடுத்தேன். அந்த நான்கு புள்ளிகளைத் துடைத்தேன். உருவத்தைச் சுற்றி வெட்டினேன். கதவு போனது, சைக்கிளும் போனது. கன்னத்தின் நிறம் நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குள் பெருமைப்பட்டதுகூட நினைவிருக்கிறது. படத்தை உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். நான் என்ன செய்திருக்கிறேன் என்று அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

மாமி கையை ஹவுஸ்கோட்டில் துடைத்துவிட்டு உறையைப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அதை இறக்க அவரும் திரும்பவில்லை, நானும் போகவில்லை.

“ஏன் தம்பி, என்ரை பிள்ளையைக் கொண்டுபோய் வானத்திலை விட்டனீ?”

அப்போதுதான் எனக்குப் படம் தெரிந்தது. நீல வானம், வெண்முகில், தலையைச் சுற்றி வெளிச்சம்.

“அந்தக் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான்,” என்றார். குரல் உயரவில்லை. “காத்துக்கு அடிச்சு அடிச்சுச் சாத்தினது. படம் எடுத்த பெடியன், அம்மா கொஞ்சம் பிடியுங்கோ எண்டவன். என்ரை கையையும் எடுத்துப்போட்டியே.”

அடுத்த நாளே கதவோடும் சைக்கிளோடும் நான்கு விரல்களோடும் வேறு படம் அடித்துக் கொடுத்தேன். அதை வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் வைத்தார். மற்றதைக் கிழிக்கக் கையை நீட்டினேன்.

“விடு. நான் கிழிக்கிறன்.”

அதன்பின் அந்தக் கதவுப் படத்தை எத்தனை தரம் அடித்திருப்பேன் என்று தெரியாது. ஒவ்வோர் அலுவலகமும் ஒரு பிரதியை வாங்கி ஃபைலில் குத்திக்கொண்டது. பதிலாக வந்த ஆங்கிலக் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: இந்தப் பெயரில் எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை.

“இல்லையெண்டா, செத்தவையின்ரை லிஸ்டிலையும் இல்லைத்தானே?”

“ஓம் மாமி.”

“அப்ப சரி.” கடிதத்தை வாங்கி மடித்து வைப்பார். நான் படித்த படிப்பு முழுவதும் அந்த ‘ஓம் மாமி’க்குத்தான் பயன்பட்டது என்று இப்போது தோன்றுகிறது.

படிப்பு முடிந்தும் நான் அந்தக் கடையை விட்டுப் போகவில்லை. முதலாளி ஓய்வெடுத்த பிறகு நானே நடத்துகிறேன். போன மாதம் மாமியின் மகள் வந்தா. மாமி இறந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. கல்வெட்டு அடிக்கவேண்டும்.

“அம்மாவும் அண்ணாவும் சேர்ந்து நிக்கிற படம் ஒண்டும் இல்லை என்ன?” என்று கேட்டா.

ஒன்று இருக்கிறது என்று பழைய கோப்பைத் திறந்தேன். கதவின் விளிம்பைப் பெரிதாக்கிக் காட்டினேன். பெருவிரல் மறைந்த கை. சுட்டுவிரல் மட்டும் சற்று உயர்ந்திருந்தது. அவ கணினித் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தா. பிறகு தன் பையிலிருந்து பழைய உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தா.

“இது அம்மான்ரை தலகாணி உறைக்குள்ளை கிடந்தது.”

நான் வானம் போட்ட படம். கிழிக்கவில்லை. விரல் பட்டுப் பட்டு மூலைகள் மழுங்கியிருந்தன. பையனின் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு. உயிரோடு இருக்கிறவர்களின் படத்துக்கு எங்கள் ஆட்கள் பொட்டு வைப்பதில்லை. சந்தனம் சந்தனத்தின் மேலேயே பலமுறை வைக்கப்பட்டு, தடித்துக் காய்ந்து, வெடித்திருந்தது.

அலுவலகங்களுக்குக் கதவுப் படத்தைக் கொண்டுபோய்க்கொண்டிருந்த அதே நாட்களில் மாமி வீட்டுக்குள் இதையும் செய்துகொண்டிருந்திருக்கிறார். எப்போது தொடங்கினாரோ. அப்ப சரி என்று கடிதத்தை மடித்தபோதெல்லாம், நான் ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் என் மனம் நோகாதிருக்க அவர்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

அட்டைக்கு, மாமி பஸ் ஸ்டொப்பில் நிற்கும் படத்திலிருந்து முகத்தை எடுத்தேன். பின்னால் என்ன வைப்பது என்று கேட்டேன். வானம் வேண்டாம் என்று சொல்லுவா என எதிர்பார்த்தேன்.

“வானத்தையே போடுங்கோ,” என்றா. “அண்ணாவுக்குப் போட்ட அதே வானம் இருக்கோ?”

இருந்தது. அதையே போட்டேன். பஸ் ஸ்டொப்பும் கோட்டுக்குள் இழுத்த கைகளும் போயின. அவ போன பிறகு மற்றக் கோப்பை மூடப் போனேன். பச்சைக் கதவு பாதி திறந்தபடியே இருந்தது. அதைப் பிடித்தபடி அந்த நான்கு விரல்கள்.