திட்டு வாங்கியாவது சொல்லச் சொன்னவள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். கீழ்பென்னாத்தூரில் என் டிராக்டர் உதிரிபாகக் கடையில் ஒருவருக்கு பெல்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். தேவகியின் கணவர் சேகர் போன் செய்தார். "தேவகி போயிட்டா குமாரு" என்றார். "எங்க?" என்று கேட்டேன். நாற்பது வயதில் ஒருவன் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அவளைப் பற்றி யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான். ஓரிடத்தில் இருக்கிற ஆளா அவள்!

கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். அவளை வைத்திருந்த ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போனேன். செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் அவளுடைய கடையையும் தாண்டிப் போனேன். ஊர் எல்லை போன பிறகுதான் எதற்காகக் கிளம்பினேன் என்று உறைத்தது. திரும்பி வந்து சாவு வீட்டிலும் என்னால் உட்கார முடியவில்லை. நாலு தடவை எழுந்துபோய் டீ குடித்தேன்.

இந்த நினைவு மலருக்கு எழுதக் கேட்டவர்கள், மரியாதையாக ‘அவர்’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. என்னை வாடா போடா என்றே இருபத்திரண்டு வருஷம் கூப்பிட்டவள். மன்னித்துக்கொள்ளுங்கள், அவள் எனக்கு அவள்தான்.

மோட்டோகிராஸ் என்றால் என்ன என்று கேட்பவர்கள் நம் ஊரில் இன்னும் உண்டு. தார் ரோட்டில் இல்லாமல், மண்ணில், மேட்டிலும் பள்ளத்திலும் வண்டியோடு எகிறிக் குதித்து ஓட்டுகிற பந்தயம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தண்ணீர் வற்றிய ஏரிக்குள் நாங்கள் ஆறு பேர் பாதை போட்டோம். மண்வெட்டி பிடித்ததில் பாதி வேலை அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓட்டினோம். ஒரு வருஷம் ஓட்டிவிட்டு, பெரிய ஆட்கள் என்ற நினைப்பில் வெளியூர்ப் பந்தயத்துக்குப் போனோம். முதல் வளைவு இடப்பக்கம். எங்களில் நாலு பேர் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தோம். அடுத்த இடது வளைவில் மிச்சம் இரண்டு பேரும் விழுந்தார்கள். வாய் நிறையச் செம்மண்ணோடு தேவகிதான் முதலில் சிரித்தாள். "டேய், ஒரு வருஷமா நாம ஏரியில கிரிவலம் வந்துகிட்டு இருந்திருக்கோம்டா!"

உண்மை. யாரும் பேசி முடிவு செய்ததில்லை. சின்ன வயதிலிருந்து மலை வலப்பக்கம் இருக்க நடந்த கால்கள், வண்டியையும் வலமாகவே திருப்பியிருக்கின்றன. அடுத்த ஞாயிறு அவள் வண்டியை எதிர்ப்பக்கம் நிறுத்தினாள். எங்களில் அடி அண்ணாமலை ஊர்க்காரன் ஏழுமலை மட்டும் வர மறுத்தான். "இடமா சுத்துறது சாவுக்குத்தான். நான் வரமாட்டேன்" என்றான். அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "சாமி மலையில இருக்காரு. ஏரியில இருக்கறது வெறும் பள்ளம். திருப்புடா வண்டிய!" அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு திருப்பினான். இடது வளைவு எங்களுக்குப் பழக ஆறு மாதம் ஆனது.

எனக்குக் காலர் எலும்பு முறிந்த கதை பலருக்கும் தெரியும். எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. மேடு வந்தால் கை தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். ஒருநாள் அவளிடம் சொல்லியேவிட்டேன், பயமாக இருக்கிறது என்று. அறிவுரை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் வண்டியின் சீட்டைத் தட்டிக் காட்டினாள். "இதுல ஒரு ஆளுக்குத்தான்டா இடம். பயத்தை எங்க உக்கார வெப்ப? அது நடந்து வரட்டும், நீ போ." கடைக்குக் கடன் வாங்கலாமா என்று தவித்தபோதும், அப்பாவுக்கு ஆபரேஷன் என்றபோதும் இதையே நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். பயம் என்னவோ ஒவ்வொரு தடவையும் நடந்தேதான் வந்தது.

ஆனால் அவள் சொன்னதிலேயே பெரியது அது இல்லை. ஒரு பந்தயத்தில் எல்லாரும் வரிசையில் நின்று எஞ்சினை முறுக்கிக்கொண்டிருந்தோம். இவள் திடீரென்று வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு, மூன்று வண்டி தள்ளி நின்ற ஒருவனிடம் ஓடினாள். அவனுடைய பின் சக்கரத்து நட்டு கழன்றிருந்தது. அவளோடு நேருக்கு நேர் போட்டி போடுகிறவன் அவன். தன்னைக் கலைக்கத்தான் வந்தாள் என்று நினைத்துக் கண்டபடி பேசினான். அவன் குனிந்து பார்க்கும்வரை இவள் நகரவில்லை. அதற்குள் பந்தயம் தொடங்கிவிட்டது. கடைசியாகக் கிளம்பி, கடைசியாகத்தான் வந்தாள். உனக்கென்ன தலையெழுத்தா என்று எனக்குத்தான் கோபம். "பார்த்தவன் சொல்லணும்டா. திட்டுனா வாங்கிக்க, ஆனா சொல்லிடு. திட்டு ரெண்டு நாள்ல மறந்துடும்" என்றாள்.

இனி எழுதப்போவதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சாவு வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சு. "பொம்பளைக்கு எதுக்கு இந்த பைக்கு? குதிச்சுக் குதிச்சு தலையில என்னவோ ஆயிடுச்சு." பைக்குக்கும் அவள் சாவுக்கும் சம்பந்தமில்லை. ரத்த அழுத்தம் எகிறி மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது. அவளுக்கு அழுத்தம் ஜாஸ்தி என்று இரண்டு வருஷம் முன்னாலேயே டாக்டர் மாத்திரை எழுதித் தந்திருந்தார். அவள் போடவில்லை. அது எனக்குத் தெரியும்.

போன மாதம் ஓட்டி முடித்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். மாத்திரை போட்டாயா என்றேன். "அத போட்டா தூக்கமா வருது, ஓட்ட முடியல. வெயில்தான்டா, விடு" என்றாள். விட்டுவிட்டேன். பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. அவளிடம் வாய் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. சேகரிடமாவது சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஊரான் வண்டி நட்டெல்லாம் தெரிந்தவளுக்குத் தன் உடம்பு தெரியவில்லையே என்று. என்மேல் உள்ள கோபம் அதைவிடப் பெரியது.

காரியம் முடிந்த அன்று சேகரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ பையில மாத்திரை அட்டைய நானும் பார்த்தேங்க. ஒண்ணுகூட பிரிக்கல. கேட்டா சண்டை வரும்னு இருந்த எடத்துலயே வெச்சுட்டேன்" என்றார்.

பிறகு உள்ளே போய் அவளுடைய ஹெல்மெட்டை எடுத்து வந்து கொடுத்தார். உங்களிடமே இருக்கட்டும் என்றேன். அவள் ஜெயித்த கோப்பைகளையும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது அவளுடைய வாய். அதை எடுத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு வருமா என்றுதான் தெரியவில்லை.

போன ஞாயிறு ஏரிக்குப் போனோம், ஐந்து பேராக. இரண்டாவது மேட்டில் ஏழுமலை தலைகுப்புற விழுந்தான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "இது எத்தனாவது ரவுண்டு?" என்று என்னைக் கேட்டான். மூன்று என்றேன். வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு மறுபடியும், "எத்தனாவது ரவுண்டு?" என்றான். கண் எங்கோ போய் வந்தது. மற்றவர்கள் கவனிக்கவில்லை. அவன் வண்டியைக் கிளப்பினான். எனக்குப் பழைய பழக்கம்தான் வந்தது, என் வண்டியைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடலாம் என்று.

போகவில்லை. அவன் எதிரே போய், முன்சக்கரத்தை என் இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். தலையில் அடி பட்டிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்றேன்.

"தள்ளுடா. எனக்கு ஒண்ணுமில்ல. நீ என்ன டாக்டரா?" என்றான். எஞ்சினை முறுக்கினான். பிறகு என் அம்மாவை, என் கடையை, என் காலர் எலும்பை, எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினான். நான் நகரவில்லை.