சலாமுக்கு அப்பால் வைத்த ஊசி

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. வீடு தேடி வந்திருக்கும் உங்கள் கையில் இச்சிறு மலரை வைக்கிறோம். கேட்டும் பார்த்தும் எழுத்துப் படித்தவன் எழுதியது, குறை பொறுத்தருள்க.

கண்டி மலையில், பன்விலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் அண்ணன் பிறந்தார். அப்பா தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா முந்திப் போய்விட்டதால் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்ததும் அண்ணன்தான், ஆராரோ பாடியதும் அண்ணன்தான். வளர்ந்து அப்பாவின் கத்தியைக் கையில் வாங்கியவர், கத்தி விழுகிற தாளத்துக்குத் தெம்மாங்கு கட்டுவார். அடுத்த மலையில் கொழுந்து கிள்ளுகிற பெண்கள் எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள். அப்படி எதிர்ப்பாட்டில் அவரை மடக்கியவர்தான் எங்கள் அண்ணி. பாடப் பாட ராகம் என்பார்களே, ஹேவாஹெட்ட வரைக்கும் கலியாணம், காதுகுத்து, திருவிழா என்று அழைப்பு வந்தது. யார் கூப்பிட்டாலும் அவர் மாட்டேன் என்றதில்லை.

கண்டிக் கடைத்தெருவில் கிராமபோன் தட்டு விற்ற முஸ்லிம் பெரியவர் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், ஒரு கலியாணத்தில் அவர் பாட்டைக் கேட்டார். "தம்பி, ஒங்கட சத்தம் இந்த மலையோட நிக்கப்படாது. தட்டுல ஏத்துவம்" என்று சொல்லி, எங்கள் இருவரையும் ரயிலேற்றிக் கொழும்புக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு பெரிய குழாய்க்கு முன்னால் அண்ணனை நிறுத்தினார்கள். பதிவு செய்கிற வெள்ளைக்காரர் கையை உயர்த்தியதும் பாட வேண்டும் என்று நானா பலமுறை சொல்லியிருந்தார். அண்ணனும் தலையாட்டியிருந்தார். வெள்ளைக்காரர் கையை உயர்த்தினார். அண்ணனின் கை தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் இடுக்கியது. வாய் "சலாங்க தொர" என்றது. அதற்கப்புறம்தான் பாட்டு. தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரை எதிர்ப்பட்டால் செய்வது அது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். வேறு மெழுகுத் தட்டு கைவசம் இல்லையென்று அதையே பதித்துவிட்டார்கள்.

தட்டு வந்த அன்று நானாவின் கடைவாசலில் கூட்டம் கூடிக் கேட்டது. விடியலில் துரை முன்னால் பேர் கொடுக்கும் பெரட்டில் ஆட்களை நிறுத்துகிற எங்கள் தோட்டத்துக் கங்காணியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏப்பா, நீ பாடப் போனியா, இல்ல காலப் பெரட்டுல பேர் குடுக்கப் போனியா?"

"பாடத்தாங்க போனேன். கைதான் பெரட்டுக்குப் போயிருச்சு" என்றார் அண்ணன்.

சொல்லும்போது அவரும் சிரித்தார். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? போகிற இடமெல்லாம் பாட்டுக்கு முன்னால் யாராவது "சலாங்க!" என்று கத்தினார்கள். அதன்பின் அண்ணன் தலைத்துண்டு கட்டிப் பாடியதில்லை. "துண்டு இருந்தாத்தானே கை போகும்" என்பார். எவர் வீட்டில் அந்தத் தட்டைப் போட்டாலும், தாமே எழுந்து ஊசியைச் சலாமுக்கு அப்பால் தள்ளி வைப்பார். சலாம் இல்லாமல் இன்னொரு தட்டுப் பாடிவிட வேண்டும் என்பது ஒன்றே அவருடைய ஆசை. நானாவும் கொழும்புக்குக் கடிதத்தின்மேல் கடிதம் போட்டார். பதில் வருமுன் காய்ச்சல் வந்தது.

கண்டி ஆஸ்பத்திரியில், அவர் தெளிவாகப் பேசிய கடைசி நாளில், "நான் போனப்பறம் தட்டப் போட்டீங்கன்னா, ஊசியத் தள்ளி வச்சுப் போடு, தம்பி" என்றார். சரியென்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

கருமாதியன்று நானா கிராமபோனைத் தாமே தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தார். நான் ஊசியைத் தள்ளி வைக்கப் போனேன். அண்ணி தடுத்தார்.

"மொதல்ல இருந்து வைங்க, தம்பி."

"தள்ளி வைக்கச் சொல்லியிருக்காரு, அண்ணி."

"பாட்டத்தான் ஊரே பாடுதே. அவரு பேசுன பேச்சு வேற எதுல இருக்கு?"

தட்டின் ஓரத்திலேயே ஊசியை வைத்தேன். கரகரப்புக்குப் பின் "சலாங்க தொர" என்றார் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. கங்காணியார் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கொடுத்த வாக்கை மீறினேன். அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் பாட்டைத் தட்டில் ஏற்றிய நானாவுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி சுமந்து நடந்த லயத்துப் பெண்களுக்கும், பாடை தூக்கிய தோள்களுக்கும், இன்று வந்திருக்கும் உங்களுக்கும் அண்ணன் சார்பில் சொல்ல அவர் விட்டுப்போன சொல் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. துரையை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்:

சலாங்க.