இரண்டாம் பக்கத்து முனகல்

என் ரெக்கார்டுகளைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, இதில் பாட்டு எங்கே இருக்கிறது என்பதுதான். பதில் சொல்வதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். பாகூரில் கரும்புக் கொல்லையைப் பார்த்த ஒரு மாடி அறையில் இருநூறுக்கு மேல் நாய்ஸ்கோர் ரெக்கார்டுகளை அடுக்கி வைத்திருப்பவன் அக்கம்பக்கத்துக்கு விளக்கம் சொல்லி மாளாது.

தெரியாதவர்களுக்காக ஒரே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். டிபன் தட்டு அளவுக்குக் கறுப்புத் தட்டு. ஒரு பக்கத்தில் ஐம்பது அறுபது பாட்டு இருக்கும். ஒவ்வொன்றும் நான்கு நொடி, மிஞ்சினால் ஆறு நொடி. குச்சியால் மூன்று தட்டு தட்டுவார்கள், கிட்டாரும் டிரம்ஸும் ஒரு மனிதத் தொண்டையும் ஒன்றாக வெடிக்கும், முடிந்துவிடும். மெட்டு கிடையாது, வரி கிடையாது. எங்கோ ஒரு நாட்டில் யாரோ தன் வீட்டு நிலவறையில் இதைப் பதிவு செய்து, நூறு தட்டுகள் போட்டு, உறையை ஜெராக்ஸ் எடுத்து மடித்து, பேனாவால் எண் எழுதித் தபாலில் அனுப்புவார். உலகம் முழுவதும் இதைக் கேட்கிறவர்களை உட்கார வைத்தால் ஒரு கல்யாண மண்டபத்தின் முதல் பந்தியிலேயே இடம் மிச்சமிருக்கும்.

அந்தப் பந்தியிலும் பாதிப் பேர் எதற்கும் லாயக்கில்லாதவர்கள். இணையத்தில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. வாங்கிய தட்டை உறையிலிருந்து எடுக்காமலே படம் பிடித்துப் போடுகிறவன், ஏழாவது பிரதி என்னிடம் என்று பீற்றிக்கொள்கிறவன், எல்லாவற்றுக்கும் 'கொடூரம்' என்று ஒரே சொல்லை எழுதிவிட்டுப் போகிறவன். கேட்பதற்கென்று ஒரு ஒழுங்கு உண்டென்பதே இவர்களுக்குத் தெரியாது. எனக்கு இருந்தது. ஊசியை இறக்கும்போதும் தூக்கும்போதும் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கவேண்டும். இரைச்சல் தொடங்கிய பிறகு மெல்லத் திருகி ஏற்றவேண்டும். ஊசி விழும் 'டக்' சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு தட்டு கேட்கிறவனை நான் மனிதனாகவே மதித்ததில்லை.

என் மனைவி ஆசிரியை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் வாசற்படியில் நின்று கேட்டுவிட்டு, "கரும்பு மெஷின்ல கல்லு மாட்டிக்கிச்சாட்டம் இருக்குது," என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவள் வில்லியனூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள், நான் மாடிக்குப் போய்விடுவேன். மற்ற ஆறு நாளும் திருவாண்டார்கோயில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில், தரப் பரிசோதனைப் பிரிவில் நான் வேலை பார்க்கிறேன். பேரிங் சுழலும் சத்தத்தை வைத்தே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவேன். அங்கேயும் என் காதுக்கு ஒரு பெயர் உண்டு.

சத்தத்தைப் பற்றிப் பேசினால் மைக்செட்காரனைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாகூர் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் அவன் என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். நான் டிப்ளமோ படிக்கப் போனேன், அவன் குழாய் ஸ்பீக்கர் கட்ட மரம் ஏறப் போனான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம், கருமாதி என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் அவன் சத்தம்தான். அவன் பாக்ஸ் அடுக்கினால் மூன்று தெரு தள்ளி என் வீட்டு எவர்சில்வர் டம்ளர் நடுங்கும். குரல் கிழியும், மேளம் கிழியும், அவனுக்கு அது கிழிசல் என்றே தெரியாது. என் ஆட்களும் கிழிக்கிறவர்கள்தான், ஆனால் தெரிந்தே கிழிக்கிறவர்கள். அந்த வித்தியாசத்தில்தான் என் வாழ்க்கையே நின்றுகொண்டிருந்தது.

அவன் பந்தலுக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை வேடிக்கையாக இருக்கும். ஓர் இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து இறக்கி, அதைச் சுற்றி ஒரு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றுவான். அதற்குப் பிறகுதான் ஆம்ப்ளிஃபயரைத் தொடுவான். பூமி பூஜை முடிந்ததா என்று நான் நாலு பேர் முன்னால் கேட்பேன். அவனும் சேர்ந்து சிரிப்பான். அவனுக்கு ரோஷம் கிடையாது என்று நினைத்துக்கொள்வேன்.

என்னிடம் இருக்கும் தட்டுகளில் ஒன்றை மட்டும் நான் உயிராக வைத்திருந்தேன். மூன்று பேர் சேர்ந்து போட்டது, என்னுடையது நாற்பத்திரண்டாவது பிரதி. அதன் இரண்டாம் பக்கத்துக் கடைசியில், வழக்கத்துக்கு மாறாக, அவர்கள் ஒரே வெட்டாக நிறுத்தாமல் ஒவ்வொருவராக ஓய்கிறார்கள். முதலில் கிட்டார் நிற்கும், பிறகு தொண்டை, பிறகு டிரம்ஸ். அதற்குப் பிறகும் தட்டு அரை நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. நான் வால்யூமை ஏற்றி, ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்து உட்கார்வேன். அப்போது அடியிலிருந்து ஒரு முனகல் எழும். ஒரே சுருதியில், மெல்ல மெல்லப் பெருத்து, அறையை நிரப்பும். ஒன்பது வருடம் ஞாயிறுதோறும் அதைக் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிய நாட்களும் உண்டு.

அந்த முனகலைப் பற்றி எங்கள் குழுவில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். 'வாசித்தவர்கள் போன பிறகும் அறை வாசித்துக்கொண்டிருக்கிறது' என்று அதில் ஒரு வாக்கியம் வரும். கூசாமல் எழுதினேன். 'கொடூரம்' பேர்வழிகள்கூட வாய் பிளந்தார்கள். நாய்ஸ்கோர் பற்றி எழுதப்பட்டதிலேயே இதுதான் உச்சம் என்றான் ஒருவன். அவனை மட்டும் கொஞ்ச நாள் நான் திட்டவில்லை.

போன வருடம், அந்தத் தட்டில் டிரம்ஸ் வாசித்தவரிடமிருந்தே எனக்குக் கடிதம் வந்தது. தட்டை மறுபடி போடப்போகிறார்களாம், உறையின் பின்பக்கம் முழுவதும் என் கட்டுரையை அச்சடிக்கலாமா என்று கேட்டிருந்தார். கத்திப் பாடியவர் இப்போது உயிரோடு இல்லை, அவர் நினைவாகத்தான் இந்தப் பதிப்பு என்றும் எழுதியிருந்தார். அந்த முனகல் தனக்கு ஞாபகம் இல்லை, இத்தனை வருடம் டிரம்ஸ் அடித்துத் தன் காதும் போய்விட்டது, அதனால் மாதிரித் தட்டு ஒன்றை அனுப்புகிறேன், முனகல் அதில் சரியாக வந்திருக்கிறதா என்று நீங்கள்தான் கேட்டுச் சொல்லவேண்டும் என்றார். உங்கள் காதை நம்புகிறேன் என்று முடித்திருந்தார். அதைப் படித்துவிட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. என் எழுத்து ஒரு தட்டின் மேல் வரப்போகிறது. இதற்கு மேல் எனக்கு எந்த ஆசையும் இருந்ததில்லை.

மாதிரித் தட்டு வந்த வாரம்தான் ஹை வோல்டேஜ் வந்து என் ஆம்ப்ளிஃபயர் புகைந்தது. பதில் ஐந்து நாளில் போகவேண்டும். தவளக்குப்பத்தில் இரண்டு கடை ஏறி இறங்கினேன், இரண்டிலும் பத்து நாள் ஆகும் என்றார்கள். வேறு வழியில்லாமல் டர்ன்டேபிளையும், மாதிரித் தட்டையும், என் நாற்பத்திரண்டாவது பிரதியையும் பைக்கில் கட்டிக்கொண்டு மைக்செட்காரன் கடைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது. சாமி சிலையைக் கொண்டுபோய்ச் சாராயக் கடையில் இறக்குவதுபோல் இருந்தது எனக்கு.

அவன் முகம் மலர்ந்து இடம் ஒதுக்கிக் கொடுத்தான். சீரியல் லைட் மூட்டைகளை நகர்த்தி, டர்ன்டேபிளை மேசைமேல் வைத்து, பின்பக்கம் குனிந்து அவனே வயர்களைச் சொருகினான். நான் மாதிரித் தட்டின் இரண்டாம் பக்கத்தை வைத்தேன். இரைச்சல் ஓடியது. அவன் காதைப் பொத்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, சும்மா நின்று கேட்டான். கிட்டார் நின்றது, தொண்டை நின்றது, டிரம்ஸ் நின்றது. நான் வால்யூமை ஏற்றினேன்.

முனகல் வரவில்லை.

இன்னும் ஏற்றினேன். தட்டு தேயும் மெல்லிய சரசரப்பைத் தவிர ஒன்றும் என் காதில் விழவில்லை. மாதிரித் தட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. என் பிரதியை எடுத்து வைத்தேன். அதிலும் இல்லை. இப்போது ஆத்திரம் அவன்மேல் திரும்பியது. இந்தக் காதுகுத்து ஆம்ப்ளிஃபயரில் வைத்தால் என்ன கேட்கும் என்று கத்திவிட்டேன். அவன் கோபப்படவில்லை. என்ன தேடுகிறாய் என்று கேட்டான். அடியில் ஒரு சத்தம், ஒரே சுருதியில், போகப்போகப் பெரிதாகும் என்று சொன்னேன். சொல்லும்போது வாயால் முனகியும் காட்டினேன்.

அவன் ஒரு நொடி யோசித்தான். மறுபடி பின்பக்கம் குனிந்து எதையோ கழற்றிவிட்டு நிமிர்ந்தான். பாக்ஸிலிருந்து என் முனகல் வந்தது. அப்போது ஊசி தட்டின் மேலேயே இல்லை.

"இதுவா பாரு. ஹம்மிங்டா இது," என்றான். "எர்த் குடுக்கல நீ."

அவன் விரல்களுக்கு நடுவில் இருந்தது ஒரு மெல்லிய பச்சை வயர். புதுச்சேரியில் வீடு காலி செய்த ஒருவரிடமிருந்து டர்ன்டேபிளை வாங்கியபோதே அது பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தவன் நான். பந்தலில் கம்பி இறக்குகிற அதே வழக்கப்படி அவன் ரப்பர் பேண்டை அறுத்து, அதை ஆம்ப்ளிஃபயரின் திருகாணியில் முடுக்கிவிட்டுத்தான் வேலையையே தொடங்கியிருக்கிறான். பெரிதாகும் என்றேனே, அது எப்படி என்று அடம்பிடித்தேன். அவன் வால்யூம் குமிழைக் காட்டினான். "நீதானடா திருவுற."

எல்லாம் சரியாகப் பொருந்தியது. மற்ற தட்டுகளில் கடைசிவரை இரைச்சல், அதற்கு அடியில் இது இருந்தது எனக்குக் கேட்டிருக்காது. ஊசியைத் தூக்குமுன் நான்தான் ஒழுங்காக வால்யூமை இறக்கிவிடுகிறேனே. 'டக்' சத்தம் கேட்கிற காட்டுமிராண்டியாக இருந்திருந்தால், ஊசி தட்டில் இல்லாமலே அது முனகுவது முதல் நாளே தெரிந்திருக்கும்.

அவன் வயரை மறுபடி முடுக்கி, கடைசிப் பகுதியை இன்னொரு முறை வைக்கச் சொன்னான். வைத்தேன். டிரம்ஸ் ஓய்ந்ததும் கையைத் தூக்கி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னான். வறண்ட இருமல் ஒன்று கேட்டது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. பிறகு ஏதோ தரையில் உருண்டது.

"கத்தனானே, அவன்தான் இருமுறான். அதே தொண்ட," என்றான். "குச்சிய கீழ போட்டுட்டான் பாரு இன்னொருத்தன். நல்லாத்தான் இருக்குதுடா, ஆளுங்க நிக்கிற மாதிரியே இருக்குது."

எனக்கு அது காதில் ஏறவே இல்லை. மூக்கறுபட்டது மட்டும்தான் தெரிந்தது. தட்டுகளை உறையில் போட்டுக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் கிளம்பினேன்.

மூன்று நாள் பதில் எழுதவில்லை. கட்டுரையைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். முனகலை எடுத்துவிட்டால் அதில் மிச்சம் ஒன்றுமே இல்லை. கட்டுரை இல்லையென்றால் உறையும் இல்லை. புதிதாக ஒன்று எழுதியிருக்கலாம்தான். மைக்செட்காரன் கேட்டதை நான் கேட்டதாக எழுதுவதா என்று எனக்கு வீம்பாக இருந்தது. நான்காம் நாள், முனகல் மாதிரித் தட்டில் அப்படியே, இன்னும் தெளிவாக வந்திருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். காது போன ஒரு மனிதர் என் காதை நம்பிக் கேட்டார், நான் பொய் சொன்னேன். அன்று இரவு எனக்கு நன்றாகவே தூக்கம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தட்டு வெளிவந்தது. குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் முனகலைக் கேட்டுவிட்டார்கள். ஒருவனுக்கு முதுகுத்தண்டில் கேட்டதாம். பழைய பதிப்பைவிட இதில் ஆழம் அதிகம் என்று ஒருவன் இரண்டையும் ஒப்பிட்டே எழுதியிருந்தான். இல்லாத சத்தத்தை இத்தனை பேர் கேட்டுத் தலையாட்டுகிறார்களே, த்தூ என்று துப்பத் தோன்றியது. துப்பினால் முதலில் யார் மேல் விழும் என்பது தெரிந்ததால் குழுவிலிருந்து பேசாமல் விலகிக்கொண்டேன். மாடிக்குப் போவதையும் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் கீழே உட்கார்ந்து பேப்பர் படிப்பதைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று மனைவி கேட்டாள்.

போன மாதம் மைக்செட்காரன் வீட்டுக்கு வந்தான். கடையில் நான் விட்டுவிட்டு வந்த டர்ன்டேபிளும், நான் சொல்லாமலே என் மனைவியிடம் கேட்டு வாங்கிப்போய்ச் சரிசெய்த என் ஆம்ப்ளிஃபயரும் அவன் ஆட்டோவில் இருந்தன. மாடிக்குத் தூக்கி வந்து, அவனே வயர்களைச் சொருகி, பச்சை வயரை முடுக்கினான். மேசைமேல் புதுத் தட்டு உறையிலிருந்து எடுக்காமலே கிடந்தது. உறையைத் திருப்பிப் பார்த்து, நீ எழுதியதா என்று கேட்டான். ஆமாம் என்றேன். இங்கிலீஷ் எனக்கு ஓடாது, படிச்சுச் சொல்லு என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

தமிழில் சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே சகிக்கவில்லை. வாசித்தவர்கள் போன பிறகும் அறை வாசிக்கிறது என்ற இடம் வந்தது. அவன் கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். பூமி பூஜைக்கெல்லாம் சேர்த்து ஒரே வார்த்தையில் என்னைத் தீர்த்துவிடலாம், அதற்கு நான் தயாராகவே இருந்தேன். அவன் கடைசிவரை தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, விட்டுப்போன பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று உறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"கடசில அவன் இருமுவானே," என்றான். "அது எங்கடா வருது?"

வரவில்லை என்றேன். உறையின் அடியில், பாடியவர் நினைவாக என்று ஒரு வரி சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது. அதை மட்டும் நான் அவனுக்குப் படித்துக் காட்டவில்லை.