வண்டியில் ஓர் இடம்

பத்தொன்பது வருடமாகக் கடற்கரை விடுதியில் அறைச் சாவி கொடுப்பவள் அவள். வருகிறவர்கள் கடலைப் பார்த்து வாய் பிளப்பார்கள். மறுநாளே கொட்டாவி விடுவார்கள்.

"கடலும் காத்தும் அருமைக்கா. ஆனா ஒரு சினிமா தியேட்டர்கூட இல்லையே! எப்படித்தான் இருக்கீங்களோ?" என்றாள் கிளம்ப நின்ற ஒருத்தி. "வண்டியில இடமிருக்கு, டவுனுக்கு வாங்களேன்."

படுத்த படுக்கையான கணவனை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, அன்று இவள் ஏறியேவிட்டாள். ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டுமுன் போன் அடித்தது.

"அண்ணி, நான் ஊட்டினா அண்ணன் வாயே திறக்க மாட்டேங்கறாரு."

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். வெயிலில் திரும்பி நடந்தவளிடம், பஸ்ஸிலிருந்து இறங்கிய குடும்பம் ஒன்று கடலுக்கு வழி கேட்டது.

"எப்படி வேணா போங்க," என்றாள். "இங்க எல்லா ரோடும் கடல்லதான் முடியும்."